முதுகில்லாத கோட்டு

அத்தியாயம் 17

போன வாரம் பெரியவளைப் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், ஆறு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து இறங்கியிருக்கிறாள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரே ஒரு சட்டை. அப்பாவுக்கென்று அவளே வெட்டித் தைத்தது.

அப்பா போய்விட்டார் என்று கூடப் பிறந்த தம்பி அவளுக்குச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறையின் காவலாளிதான் போன் போட்டுச் சொன்னார். தம்பிக்கு நேரமில்லையாம். பூ என்ன நிறத்தில் வைப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டிருந்தானாம்.

இப்போது மணி இரண்டு. நான்கு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அப்பாவின் காதில் அவள் ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு வருஷமாகச் சோறு இறங்கும்போதெல்லாம் தொண்டையில் குத்திக்கொண்டிருப்பது அது. அதற்காகத்தான் வந்திருக்கிறாள். மற்றபடி தம்பியின் பவிசைப் பார்க்க அவளுக்கு ஆசையும் இல்லை, தெம்பும் இல்லை.

இறுதிச் சடங்கு மண்டபத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே குளிர். சாவு வீட்டு வாசனை துளிகூட இல்லை. யாரோ சென்ட்டை வாளியில் கொட்டிக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மூலையில் காபி இயந்திரம். பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று வகைச் சாவு அதில் எழுதியிருந்தது. எதற்கு என்னென்ன உண்டு என்று டிக் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். நரைத்த தலை, கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, பின்னால் வரிசையாக லாரிகள். பெரியவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். பத்தடி நடந்த பிறகுதான் சந்தேகம் வந்து திரும்பினாள்.

"வந்துட்டியாக்கா? நல்லவேளை" என்று தம்பி வந்தான். நாம் சின்னவன் என்றே சொல்லிவருகிற அவன் முப்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. மாமனாரின் ஃபர்னிச்சர் கடைகள் நாலையும் கட்டி ஆள்கிறவன். கண்ணில் தூக்கமில்லை, சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லை. "இந்தா, இதைக் குத்திக்கோ."

கையில் ஒரு வில்லை. 'நெருங்கிய குடும்பம்' என்று அச்சடித்திருந்தது.

"இது எதுக்குடா?"

"முதல் வரிசையில உட்காரணும்னா வேணும்க்கா."

"அந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"என்னக்கா கேள்வி? அப்பாதான்."

"டேய், என்னைப் பார்த்துச் சொல்லு."

அவன் காபி இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னான். "தலை அப்பாவோடதுதான்."

"உடம்பு?"

"அது டிசைன் பண்றவங்க போட்டது."

படத்துக்குக் கீழே 'போக்குவரத்துத் தொழிலதிபர்' என்று பொன்னெழுத்து. பெரியவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோமென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுல என்னக்கா பொய்? வண்டிதானே ஓட்டினாரு? அதுவும் போக்குவரத்துதானே?"

எந்த வண்டி என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் பிண வண்டியை ஓட்டியவர். அங்கே அவருக்குக் 'கடைசி வண்டி' என்றே பெயர். ஓய்வு வயது வந்த பிறகும், அந்த வேலைக்கு வேறு ஆள் வரவில்லை என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். போன மாதம் படியில் விழுகிற வரைக்கும் ஸ்டியரிங்கை விடவில்லை.

அவர் வண்டியில் ஏறியவர்களில் பாதிப் பேருக்குக் கேட்பார் கிடையாது. அப்படிப்பட்டவர்களை அவர் சும்மா அனுப்பியதே இல்லை. முகத்தைத் தன் கையால் துடைப்பார். காதில் அடைத்த பஞ்சை எடுப்பார். குனிந்து இரண்டு வார்த்தை சொல்லுவார். மறுபடி பஞ்சை வைப்பார். எந்தச் சாஸ்திரத்திலும் படித்ததல்ல, அவராக வைத்துக்கொண்டது. மற்ற டிரைவர்கள் கிண்டல் பண்ணிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

அம்மா போனபோது அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. பெரியவளுக்குப் பத்தொன்பது, சின்னவனுக்குப் பன்னிரண்டு. அம்மாவைக் கழுவி உடுத்திய பிறகு, ஒவ்வொருத்தராக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார் அப்பா. 'மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. திட்டணும்னா திட்டுங்க. சொல்லாம மட்டும் அனுப்பிடாதீங்க.'

பெரியவள் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். சின்னவன் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

"அப்பாவை எப்போடா கழுவறோம்?" என்று இப்போது கேட்டாள்.

"எல்லாம் ஆச்சுக்கா. காலையிலேயே முடிச்சுட்டாங்க. அதுக்குன்னு படிச்ச ஆளுங்க இருக்காங்க."

"நாம ரெண்டு பேரும் உயிரோட இருக்கறப்ப படிச்ச ஆளுங்க எதுக்கு?" துணிப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "சரி, அதை விடு. நான் உள்ள போகணும். அப்பா காதுல பேசணும்."

அவன் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசுக்கா. என் மாமனார் வீட்டுல எல்லாரும் வந்துட்டாங்க. காதுல பேசறது, பஞ்சை எடுக்கறது, இதெல்லாம் பார்த்தா என்ன நினைப்பாங்க? ஏதோ பட்டிக்காட்டுக் கூத்துன்னு..."

"அம்மாகிட்ட அரை மணி நேரம் பேசினவன் நீ."

"அப்ப நான் சின்னப் பையன்."

"அப்ப மனுஷனா இருந்த."

அவனுக்குப் பேச்சை மாற்ற வேண்டுமே! கடைசி வரிசைப் பக்கம் கண்ணைக் காட்டினான். அங்கே பிணவறைக் காவலாளி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வில்லை இல்லை.

"அந்த ஆளை யாருக்கா கூப்பிட்டது? யாராவது கேட்டா, அப்பாவோட கம்பெனியில கணக்கு எழுதினவருன்னு சொல்லிடு."

"இன்னும் எத்தனை பேருக்குடா வேற வேலை போட்டுக் குடுப்ப?"

இந்தச் சமயத்தில்தான் மண்டபத்தின் பொறுப்பாளரான பெண் வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, கையில் டேப்லெட், குரலில் அளந்து ஊற்றிய அனுதாபம். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள்.

"மேடம், பிளாட்டினத்துல 'குடும்பத் தருணம்'னு நாலு நிமிஷம் இருக்கு. மூணே முக்காலுக்கு, ஹால்ல, போட்டோகிராபரோட."

"எனக்குப் போட்டோ வேண்டாம்மா. தனியா, கதவைச் சாத்திட்டு. எங்க வீட்டு வழக்கம்."

"வழக்கமா?" அவள் முகத்தில் நிஜமான குழப்பம். "ஃபார்ம்ல அப்படி எதுவும் வரலையே மேடம்." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். 'குடும்பத்தில் பின்பற்றும் தனி வழக்கங்கள் ஏதேனும் உண்டா?' என்று ஒரு கேள்வி. பக்கத்தில் சின்னவனின் அழகான கையெழுத்தில் 'இல்லை'.

பெரியவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்பா முப்பத்தொரு வருஷம் கட்டிக் காத்ததை ஒரே சொல்லில் முடித்துவிட்டான் பாவி. அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

"அண்ணி போகட்டுமே."

சொன்னது சின்னவனின் மனைவி. எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. இரண்டு வருஷமாகவே அவள் அப்படித்தான். ஒரு அறையில் இருக்கிறாளா இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். தலைப்பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அவசரத்துக்குப் பக்கத்தில் இருந்தது பெரிய ஆஸ்பத்திரி, அங்கேதான் சேர்த்தார்கள். குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை. 'பார்த்தா மனசு கெட்டுடும், எல்லாத்தையும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கும்' என்று சின்னவன் கையெழுத்துப் போட்டுக் காரியத்தை முடித்தான். தொட்டில் வாங்கி வைத்திருந்த அறையில் இப்போது சுவரளவுக்கு ஒரு டி.வி. மாட்டியிருக்கிறது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்றான் சின்னவன்.

"ஹால்ல வேண்டாம்னா உள்ளேயே பேசட்டும். பத்து நிமிஷம்தானே?" அவள் குரல் உயரவில்லை. "நம்ம அப்பாவா இருந்தா நமக்கும் தோணாதா?"

அவனுக்கும் அவர் அப்பாதானே என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் மாமனாரை அவள் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் சின்னவன் வாங்கிக் கொடுத்த கோட்டில், அவன் சொல்லிக் கொடுத்த நாலு வார்த்தையோடு வந்துவிட்டுப் போனவர் அவர்.

வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. சின்னவனுக்கு வேறு வழியில்லை. "பத்தே நிமிஷம்க்கா. மூணரைக்கு உள்ள போ, மூணு நாற்பதுக்கு வெளிய வந்துடு. எடுத்தேன் கவிழ்த்தேன்னு எதையும் பண்ணி வைக்காதே" என்று காரைப் பார்த்து ஓடினான்.

மூன்றரைக்கு அவள் உள்ளே போனாள்.

சின்ன அறை. சக்கரம் வைத்த மேடையில் பெட்டி, பெட்டிக்குள் வெள்ளை சாட்டின் மெத்தை. தலைமாட்டில் வெள்ளைப் பூக்களால் ஒரு பெரிய வளையம். அப்படியே உருட்டி ஹாலுக்குக் கொண்டுபோக வசதியாக எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தார்கள். ஹாலிலிருந்து மெல்லிய வாத்திய இசை கசிந்து வந்தது.

அப்பாவுக்கு முகப்பூச்சுப் போட்டிருந்தார்கள். வெயிலில் கறுத்த முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. தாடைத் தழும்பைக் காணோம். கைகளில் வெள்ளை உறை.

அவள் முதலில் உறைகளைக் கழற்றினாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. எத்தனை படித்த ஆள் வந்தாலும் டீசலும் கிரீசும் அவ்வளவு லேசில் போய்விடுமா? அந்த விரல்களைப் பார்த்ததும்தான் 'அப்பா' என்று அவளுக்கு வாய் வந்தது.

கோட்டு தோளில் சரியாக உட்காரவில்லை. தையற்காரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தோள் தையலை இழுத்துவிடக் கையைப் பின்னால் விட்டாள். துணி தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே விட்டாள். வெறும் முதுகு. சில்லென்று இருந்தது.

கோட்டுக்கு முதுகே இல்லை. முன்பக்கம் மட்டும் தைத்து, பின்னால் நாலு நாடாவால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சட்டையும் அப்படியே. காலர், டை, நெஞ்சுப் பட்டை எல்லாம் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு மட்டும். பின்னால் ஒன்றுமில்லை. பெட்டியில் படுத்திருப்பவரின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்!

உயிரோடு இருந்தவரைக்கும் இந்த மனிதரிடம் இவர்களுக்கு வேண்டியிருந்ததும் ஒரு முன்பக்கம்தானே? தம்பியை மட்டும் என்ன சொல்வது! அவளும் அந்த வரிசையில் நின்றவள்தான்.

பையிலிருந்து சட்டையை எடுத்தாள். சாம்பலும் நீலமும் கலந்த பருத்தி. நாலு வருஷமாக அப்பாவைப் பார்க்க முகமில்லாமல், வருஷத்துக்கு ஒரு சட்டை தைத்துக் காவலாளி மூலமாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். மார்பு நாற்பது, தோள் பதினெட்டு, அளவு மனப்பாடம். இப்போது மேலே வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் தொங்கியது. அவர் எப்போது இளைத்தார் என்றே தெரியாமல் பழைய அளவிலேயே தைத்திருக்கிறாள்.

தனியாளாக மாட்டிவிட முடியாது. அப்பாவின் தோளைப் பிடித்து ஒருக்களித்தாள். கனத்த உடம்பை எப்படி நோகாமல் திருப்புவது என்று சின்ன வயதில் அவரே காட்டிக் கொடுத்தது. சட்டையை முதுகுக்கு அடியில் விரித்து, மடிப்பு இல்லாமல் நீவி, மெதுவாகப் படுக்க வைத்தாள். முதுகு மூடியது.

பிறகு இடது காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். குனிந்தாள். வாத்திய இசை நின்றிருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

"அப்பா, நான்தான். பெரியவ."

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தாள்.

"தம்பி கல்யாணத்தன்னைக்கு நீங்க காக்கிச் சட்டையோட வாசல்ல வந்து நின்னீங்க. விடிகாலையில ஏதோ விபத்து, ஏழு பேரைக் கொண்டுபோய் விட்டுட்டு, வீட்டுக்குப் போய் மாத்திக்க நேரமில்லாம அப்படியே ஓடி வந்தீங்கன்னு அப்புறம்தான் காவலாளி அண்ணன் சொன்னாரு. நான் கேட்கலைப்பா. ஏன் இப்படி வந்தீங்கன்னுதான் எனக்குக் கோபம் வந்துச்சு. அதுவரைக்கும் உங்களைப் பார்த்தே இராத சம்பந்தியம்மா பக்கத்துல நின்னாங்க. 'யாரு அது'ன்னு கேட்டாங்க."

அவள் நெற்றி பெட்டியின் விளிம்பில் இடித்தது.

"நாங்க வாடகைக்கு எடுத்த வண்டியோட டிரைவர்னு சொன்னேன்ப்பா. நான்தான் சொன்னேன். தம்பி சொல்லச் சொல்லலை. நானா சொன்னேன். அவங்க கடைங்களுக்குத் திரைச்சீலை தைக்கற வேலை எனக்கு வர இருந்துச்சு. அது போயிடுமோன்னு பயந்துட்டேன். மூணடி தள்ளித்தான் நின்னீங்க. உங்களுக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டு நீங்க என்ன சொன்னீங்க? 'ஆமாம்மா, வண்டியை எங்க நிறுத்தறதுன்னு கேக்கத்தான் வந்தேன்'னீங்களே! என் பொய்யைக் காப்பாத்திக் குடுத்துட்டுப் போனீங்களே! ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?"

அழுகையில் குரல் உடைந்தது.

"முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரிப் பிண வண்டியை ஓட்டி எங்களை ஆளாக்கினீங்க. யாரு பெத்த பிள்ளைங்களையோ எல்லாம் கழுவித் துடைச்சு, காதுல நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினீங்க. உங்களுக்குன்னு வந்தப்ப ஒரு முழுச் சட்டைகூட இல்லாமப் படுத்திருக்கீங்க. மன்னிச்சிடுங்கப்பா. நீங்க எங்க அப்பா. டிரைவர்தான். எங்க அப்பாதான்."

பஞ்சை மறுபடி வைக்கக் கை நீட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது.

சின்னவன் அவளைப் பார்க்கவே இல்லை. நேரே தலைமாட்டுக்குப் பாய்ந்து பூ வளையத்துக்குள் கையை விட்டான். பூக்கள் பிய்ந்து சாட்டின் மேல் விழுந்தன. கொத்தோடு ஒரு சின்ன மைக்கைப் பிடுங்கி எடுத்தான். வயர் அறுந்து தொங்கியது.

பின்னாலேயே பொறுப்பாளர் ஓடி வந்தாள். அளந்து ஊற்றிய குரல் எங்கேயோ போய்விட்டது. "சார், வந்தவங்க பெட்டி பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசறதுக்காக வெச்ச மைக் சார். மூணரைக்கு டெஸ்ட்டிங்குக்கு ஆன் பண்ணிட்டாங்க. உள்ள யாராச்சும் பேசுவாங்கன்னு ஃபார்ம்ல இல்லையே சார்! வழக்கம் இல்லைன்னுதானே போட்டிருந்தீங்க!"

பெரியவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. திறந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. ஒரு சத்தமில்லை. முதல் வரிசையில் சம்பந்தியம்மா கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் இருந்தாள். சம்பந்தி எழுந்துவிட்டார்; டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"திருப்தியாக்கா?" சின்னவன் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். "நாலு வருஷம் கல்லு மேல கல்லு வெச்சுக் கட்டினேன். பத்து நிமிஷத்துல இடிச்சுட்டியே! இனிமே அந்தக் கடையில நான் எந்த மூஞ்சியோட போய் உட்காருவேன்?"

அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அன்றைக்கு யார் முன்னால் அப்பாவை யாரோ ஆக்கினாளோ, அதே சம்பந்தியம்மாவின் காதில் இன்றைக்கு உண்மை விழுந்துவிட்டது. அவள் திட்டம் போட்டிருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது. நாலு வருஷமாகக் குத்திய முள் அந்த நிமிஷம் இல்லை. ஆனால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டதா என்று யார் சொல்வது?

"அண்ணி."

தம்பியின் மனைவி வாசற்படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா ஓட்டினது பெரிய ஆஸ்பத்திரி வண்டியா?"

"ஆமாம்மா."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும்?"

"போன மாசம் வரைக்கும்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று சின்னவன் குறுக்கே வந்தான். "நீ முதல்ல போய் உங்க அப்பாவைச் சமாதானப்படுத்து."

அவள் நகரவில்லை. "அன்னைக்கு மயக்கம் முழுசாத் தெளியலை. கதவு பாதி திறந்திருந்துச்சு. வராந்தாவுல ஒருத்தர், காக்கிச் சட்டை, எனக்கு முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. கையில ஒரு சின்ன வெள்ளைத் துணி மூட்டை. அதை முகத்துக்கிட்ட தூக்கி வெச்சுக்கிட்டு, குனிஞ்சு ஏதோ பேசிக்கிட்டே இருந்தாரு. நர்ஸ்கிட்ட யாருன்னு கேட்டேன். 'வண்டி டிரைவர்'னாங்க. நான் ஏதோ கனவுன்னு நினைச்சேன்." கணவன் பக்கம் திரும்பினாள். "மூட்டையில சீட்டு கட்டியிருப்பாங்கல்ல? பிள்ளையோட அப்பான்னு உங்க பேரு போட்டு?"

சின்னவன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவன் முகத்திலேயே இருந்தது. கீழே நிற்பது யாருடைய வண்டி என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்ட கையோடு வேறு படிக்கட்டு வழியாக இறங்கிப் போனான். பெற்ற பிள்ளையைப் பெற்ற தகப்பனிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் போனான்.

"அடப்பாவி" என்றாள் பெரியவள். சத்தம் வரவில்லை.

தம்பியின் மனைவி பெட்டியருகே போனாள். நெருங்கிய குடும்பம் என்ற வில்லையைக் கழற்றிப் பூக்களின் மேல் போட்டாள். இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. என்றாலும் சற்று முன் ஹாலில் எல்லோரோடும் சேர்ந்து கேட்டவள்தானே. குனிந்தாள்.

"மாமா, என் பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?"

கேட்டுவிட்டு நிமிரவில்லை. முகத்தைத் திருப்பித் தன் காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவள் அப்படியே இருந்தாள். பெரியவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்மா."

காவலாளி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். "நானும் அன்னைக்குக் கூட இருந்தேன். பேரு வெச்சாரும்மா. பேரில்லாமப் போகக் கூடாதுன்னு சொல்லி, பேரு வெச்சுத்தான் அனுப்பினாரு."

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். "என்ன பேரு?"

காவலாளி தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீங்க கேட்டு நான் சொல்ல முடியாதும்மா. பெத்தவளுக்கு அதை மூணாம் மனுஷன் வாயால சொல்லக் கூடாதுன்னுட்டாரு. 'அவன் ஒருநாள் வந்து கேப்பான். பிள்ளையோட அப்பனா வந்து கேப்பான். அன்னைக்குச் சொல்லு'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு." சின்னவனைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா அவரும் காத்துக்கிட்டுதான் இருந்தாரு தம்பி."

வெளியே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று. சின்னவனின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. மாமனாரை இப்போது ஓடிப்போய்ப் பிடித்தால் உண்டு. விட்டால் கார் தெருவைத் தாண்டிவிடும்.

"சார்" என்றாள் பொறுப்பாளர், தயங்கித் தயங்கி. "மணி மூணு அம்பது. மூடச் சொல்லட்டுமா?"

அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாலு வருஷத்தில் 'நீங்க' என்றும் 'வாங்க' என்றும் தவிர அவனை ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை.

"கேளு" என்றாள்.

அவன் கையில் அறுந்த மைக் இருந்தது. வாசலில் கார் கிளம்பிக்கொண்டிருந்தது.